யாருக்கும் கிடைக்காத நாவல்

என் வீட்டுக்காரர் வீட்டில் பேசும் வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். “ம்.” “வச்சிரு.” “அப்புறம்.” “பாத்துக்கலாம்.” இவற்றோடு ஒரு முழு வாக்கியமும் உண்டு: “நீ சமாளிச்சுடுவ.” முழு வாக்கியம் வந்துவிட்டால் எனக்கு வேலை கூடப்போகிறது என்று அர்த்தம்.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நான் அப்போது மாமாவின் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தேன். மாமா என்றால் அவருடைய அப்பா. பக்கவாதம் வந்து வலது பக்கம் செயலிழந்ததிலிருந்து எங்களோடுதான் இருக்கிறார். அவரை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் பழைய விரிப்பைச் சுருட்டி, மறு கையால் புதியதைச் செருகும்போது அந்தச் சிரிப்பு காதில் விழுந்தது. எங்கள் வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று எனக்கு நினைவில்லை.

“என்னங்க சிரிப்பு?” என்றேன்.

“குழுவுல ஒரு விஷயம்.”

“சொன்னா நாங்களும் சிரிப்போம்ல?”

“உனக்குப் புரியாது.”

பெண் விவகாரமாகவே இருந்தாலும் அன்றைக்குச் சண்டை போட என்னிடம் தெம்பில்லை. ஆனால் அந்த ‘உனக்குப் புரியாது’ சுருக்கென்று தைத்தது. எனக்குப் புரியாதது அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடுவதாக முடிவு செய்தேன். அவர் போனைச் சார்ஜில் போடச் சொன்னபோது குழுவின் பெயர் கண்ணில் பட்டது. ‘இந்த வாரம்’.

சேர்வதற்கு ஒரு கேள்வி கேட்டார்கள்: கடைசியாக என்ன படித்தீர்கள்? நான் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறேன். பல் மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் அடுக்கி, ஈறு நிறத்தில் வார்த்து, தேய்த்துப் பளபளப்பாக்கி அனுப்ப வேண்டும். ஆகவே உள்ளதை எழுதினேன். ‘ஒரு பவுடர் டப்பாவின் பின்னால் இருந்த எச்சரிக்கையை இரண்டு முறை படித்தேன். கண்ணில் பட்டால் உடனே கழுவவும் என்று போட்டிருந்தது.’ அங்கே போன் நம்பர் யாருக்கும் தெரியாது, புனைபெயர்தான். பெயர் கேட்டார்கள். கதவு மூலையில் குடை சாத்தி வைத்திருந்தது. ‘குடை’ என்று போட்டேன். அன்று சாயங்காலமே சேர்த்துக்கொண்டார்கள்.

குழுவை நடத்துபவர் பணி ஓய்வு பெற்ற ஒரு பள்ளி ஆசிரியை. எல்லோருக்கும் அவர் ‘டீச்சர்’தான். ஞாயிறு காலையில் ‘இந்த வாரம்’ என்று ஒரு பதிவு போட்டு அவர் கடையைத் திறப்பார். அதன் கீழே ஒவ்வொருவரும் மூன்று விஷயம் எழுத வேண்டும்: என்ன படிக்கிறீர்கள், என்ன பார்க்கிறீர்கள், நாட்டில் என்ன நடக்கிறது. நாட்டு நடப்புக்கு மட்டும் தனிச் சட்டம் உண்டு. ஒரு செய்தி என்றால் அது குறைந்தது இரண்டு இடத்தில் வந்திருக்க வேண்டும். ஒரே இடத்தில் வந்ததை நம்பி ஒருவர் முன்பு எதையோ பரப்பிவிட, குழுவே ரணகளமாகிவிட்டதாம். அதிலிருந்து இல்லாததை இருக்கிறது என்று போட்டவர் வெளியே போக வேண்டியதுதான். யாரையும் ஏசக் கூடாது என்பது இன்னொரு சட்டம். அது ஒவ்வொரு வாரமும் மதியத்துக்குள் உடைந்துவிடும்.

என் வீட்டுக்காரருக்கு அங்கே பெயர் ‘வால்வு’. அவருக்கு நீரேற்று நிலையத்தில் வேலை. குழாய்களின் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், ஏறினால் ஒரு வால்வைத் திருப்ப வேண்டும், இறங்கினால் இன்னொன்றை. நடுவில் கிடைக்கும் நேரமெல்லாம் படிப்புதான். வீட்டில் ‘ம்’ சொல்லும் அந்த வாய் குழுவில் வெளுத்து வாங்கியது. ஒரு படத்தைப் பற்றி எழுதினால் பார்த்தவன் வயிறு வலிக்கச் சிரிப்பான். கூட்டணி உடைந்த வாரத்தில், “பைப் ஒடைஞ்சா நான் போய் அடைப்பேன், இதுக்கு யாரைக் கூப்பிடறது?” என்று எழுதியிருந்தார். அதைப் படித்து எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. புரியாது என்றாரே, நன்றாகவே புரிந்தது. இந்த மனிதரோடு குடும்பம் நடத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றுதான் தோன்றியது.

நானும் என் பங்குக்கு எழுதினேன். படிப்பது: ஒன்றுமில்லை. பார்ப்பது: வேலை செய்யும் இடத்துக்கு எதிரே இருக்கும் சுவர். அந்தச் சுவரில் தேர்தல் போஸ்டர்களை ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டுவார்கள். இந்த வாரம் யார் முகத்தின் மேல் யார் முகம் ஏறியிருக்கிறது, மழையில் யார் கிழிந்து அடியில் இருந்தவர் எட்டிப் பார்க்கிறார் என்று எழுதுவேன். அதையே நாட்டு நடப்பாகவும் வைத்துக்கொள்ளச் சொல்வேன். அது பிடித்துப்போய், “குடை, சுவர் என்ன சொல்லுது?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். வால்வும் கேட்பார். அது என் லேபின் எதிர்ச் சுவர் என்று அவருக்குத் தெரிய வழியில்லை. இத்தனை வருஷத்தில் அவர் என் லேப் பக்கம் எட்டிப் பார்த்ததே கிடையாது.

அந்த நாவல் வந்தது அதற்குப் பிறகுதான்.

‘படிப்பது: அட்டையும் முதல் பக்கங்களும் இல்லாத ஒரு நாவல். பம்பிங் ஸ்டேஷன் அலமாரியில் கிடந்தது. யார் எழுதியது என்று தெரியவில்லை. ஒரு வீடு, படுத்த படுக்கையாக ஒரு பெரியவர், மகன், மருமகள். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் கீழே வைக்க முடியவில்லை’ என்று எழுதியிருந்தார். அடுத்த வாரம், அந்த மருமகள் பெரியவருக்கு முகச்சவரம் செய்யும் காட்சியை எழுதினார். நகக்கண்ணில் பிளாஸ்டர் படிந்த விரல்களால் அவள் தாடையைத் திருப்பிப் பிடிப்பாளாம். நான் மறுநாள் மதிய இடைவேளையில் லேபில் உட்கார்ந்து அதைப் படித்தேன். என் விரல்களைப் பார்த்தேன். நகக்கண் முழுக்க வெள்ளை.

வாரா வாரம் வந்தது. பெரியவரின் குதிகால் புண்ணுக்கு மருந்து போடுவது. அவரைத் தூக்க இடுப்பில் கட்டும் பட்டை. டிவியில் செய்தி வாசிப்பவரோடு அவர் போடும் சண்டை. ஒன்று விடாமல் எல்லாம் எங்கள் வீடு. ஒன்றே ஒன்றுதான் எங்கள் வீடு இல்லை. அந்த மருமகளுக்குக் களைப்பே வராது. விடிவதற்குள் எழுந்து, முகம் சுளிக்காமல், புன்னகையோடு எல்லாவற்றையும் செய்வாள். கேட்டால், “இதெல்லாம் ஒரு வேலையா?” என்பாளாம். எந்தக் காலத்தில் சொன்னேன் அப்படி?

குழுவில் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். ‘பேக்கரி’ என்று ஒருவர் இருந்தார், நிஜமாகவே ரொட்டி சுடுகிறவர். அரசியல் என்றால் சட்டையைப் பிடிக்க வருவார், கதை என்றால் சரியாகத்தான் பேசுவார். “அண்ணே, இப்படி ஒரு பொம்பளை ஊர்ல உலகத்துல இல்ல. எழுதினவன் கண்டிப்பா ஆம்பளை” என்றார். டீச்சரும், “கதாபாத்திரம் நம்பும்படியா இல்லையே” என்று எழுதினார்.

வால்வுக்குக் கோபம் வந்துவிட்டது. “இருக்காங்க. நமக்குத்தான் பார்க்கத் தெரியல” என்று பதில் போட்டார்.

இதை அவர் எழுதியபோது நான் ஆறடி தூரத்தில் மாமாவின் துணிகளை அலசிக்கொண்டிருந்தேன்.

எனக்கு என்ன வேண்டும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், அது ஒன்றும் மலையைப் புரட்டுகிற ஆசை இல்லை. என் நாத்தனார், அதாவது இவருடைய தங்கை, அடுத்த ஊரில் இருக்கிறாள். தரைத்தளத்தில் தனி வீடு, ஓர் அறை காலியாகவே கிடக்கிறது. வருஷத்தில் பாதி நாள் மாமா அங்கே இருக்கட்டும், அந்த நாட்களில் நான் வேலை முடிந்து வந்து வெறுமனே சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவ்வளவுதான். மாமா மேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. எங்கள் வீட்டில் என்னோடு பேசுகிறவரே அவர்தான். வாய் குழறி, வார்த்தை தாமதமாக வரும், ஆனாலும் பேசுவார். எனக்கு முதுகு விட்டுப்போகிறது, அதுதான் விஷயம். தூக்கும்போது கை நடுங்குகிறது. இதை நான் அவரிடம் கேட்காமலும் இல்லை.

“என்னங்க, உங்க தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்.”

“பாத்துக்கலாம்.”

“எப்பங்க?”

“அவளுக்கு இதெல்லாம் பழக்கமில்ல. நீ சமாளிச்சுடுவ.”

வீட்டில் கதவு சாத்திவிட்டதால் குடையாகப் போய்க் கேட்டேன். “வால்வு, நீங்க எழுதறதை வச்சுப் பார்த்தா அந்த மருமக ரொம்பக் களைச்சுப் போயிருக்கான்னு தோணுது. கதாசிரியருக்கு அது தெரியலையோ?”

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. “இல்ல குடை. புத்தகத்துல அப்படி எங்கேயும் இல்ல.”

எனக்கு எழுந்த கோபத்தில் கையிலிருந்த மேல்வரிசைப் பல் செட்டை எதிர்ச் சுவரில் அடித்திருப்பேன். யாரோ ஒரு முதியவர் அதற்காகக் காத்திருக்கிறார் என்பதால் பேசாமல் தேய்த்தேன்.

பிறகு நூலகர் வந்தார். வாழ்நாள் முழுவதும் நூலகத்தில் வேலை பார்த்தவர். ஒரு புத்தகத்தின் பெயர் தெரியாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. வால்வு சொன்ன கதையை வைத்துக்கொண்டு தனக்குத் தெரிந்த இடங்களிலெல்லாம் விசாரித்திருக்கிறார். ஒரு ஞாயிறு காலை எழுதினார்: “இப்படி ஒரு நாவல் வந்ததாக யாருக்கும் தெரியவில்லை. வால்வு ஒரு பக்கத்தைப் படம் எடுத்துப் போடட்டும்.”

“ஸ்டேஷன்ல இருக்கு, நாளைக்குப் போடறேன்” என்றார் வால்வு.

“போன வாரம் வீட்டுல வச்சுப் படிக்கறேன்னு சொன்னீங்களே?” என்று கேட்டார் நூலகர்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. பேக்கரி, “செய்திக்கு ஒரு நியாயம், புத்தகத்துக்கு ஒரு நியாயமா? இல்லாததை இருக்குன்னு போட்டா வெளியே போகணும்” என்றார். அந்த வாரம் ஓர் அமைச்சர் ராஜினாமா செய்துவிட்டுச் செய்யவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதையெல்லாம் விட்டுவிட்டு எல்லோரும் வால்வின் மேல் பாய்ந்தார்கள். இத்தனை மாதம் இவர் எழுதியதற்குச் சிரித்தவர்கள், ‘எதுல நிஜம் சொன்னாரோ’ என்று ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் டீச்சர் வந்தார். “நாளை மாலைக்குள் பக்கத்தைப் போடுங்கள் வால்வு. இல்லையென்றால் எனக்கும் வேறு வழியில்லை.”

அன்று முழுவதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஜன்னல் ஓரம் போனை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். மாமாவின் டிவியில் ராஜினாமா ஓடிக்கொண்டிருந்தது.

“உடம்பு சரியில்லையா?” என்று கேட்டேன்.

“ம்” என்றார்.

நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். அதை மறைக்கவில்லை. ஆனால் மறுநாள் லேபில் மெழுகை உருக்கிக்கொண்டிருந்தபோது வேறொன்று தோன்றியது. அந்தக் குழுவிலிருந்து அவரைத் தூக்கிவிட்டால் என்னைப் பற்றி இவர் வேறு எங்கே பேசப் போகிறார்? வீட்டில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அங்கே, பொய்யோ நிஜமோ, வாரம் ஒருமுறை நான் இருந்தேன். என் விரல்கள் இருந்தன. அது போய்விடும் என்றதும் எனக்கு அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தேன்.

“அந்தப் புத்தகம் இருக்கு. நானும் அதைத்தான் படிச்சுக்கிட்டிருக்கேன். பழைய புத்தகக் கடையில் எடுத்தது, என் பிரதியிலும் அட்டை இல்லை” என்று எழுதினேன்.

முதலில் வாயைத் திறந்தவர் பேக்கரிதான். “குடை, நிஜமாவா?”

“நிஜமா. வால்வைவிட நான் சில அத்தியாயம் முன்னால இருக்கேன்.”

டீச்சர் பாவம், தப்பிக்க ஒரு வழி கிடைத்ததில் சந்தோஷப்பட்டிருப்பார். “செய்திக்கே இரண்டு இடம் போதும் என்று வைத்திருக்கிறோம். இரண்டு பேர் படித்திருக்கிறார்கள், அப்படியானால் இருக்கிறது. இத்தோடு விடுங்கள்” என்றார். நூலகர் மட்டும், “அடுத்த அத்தியாயத்தில் என்ன வருகிறது என்று சொல்லுங்கள் பார்ப்போம்” என்றார். அவரும் லேசில் விடுகிற ஆள் இல்லை.

சொன்னேன். “ஒருநாள் அந்த மருமகள் பெரியவரைக் குளிப்பாட்டி, துடைத்து, படுக்கையில் விட்டுவிட்டு, குளியலறையைக் கழுவப் போகிறாள். கதவைத் தாழிடுகிறாள். குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அழுகிறாள். வாளி நிரம்பி வழிகிறது. பிறகு முகம் கழுவிக்கொண்டு வெளியே வருகிறாள். கணவன் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. அந்த அத்தியாயம் அங்கே முடிகிறது.”

அது போன மழைக்காலத்தில் நடந்தது. யாரிடமும் சொன்னதில்லை. பேக்கரி, “இப்பதான் அந்தம்மா மனுஷியா தெரியறாங்க” என்று எழுதினார். முகம் தெரியாத ரொட்டிக்காரர் சொன்ன அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமாக இருந்தது. வேலைக்குத் திரும்பிவிட்டேன்.

சிறிது நேரத்தில் குடைக்கு ஒரு தனிச் செய்தி வந்தது. வால்விடமிருந்து.

“வணக்கம் குடை. நீங்க யாருன்னு தெரியாது. எனக்காகப் பொய் சொன்னீங்க, ரொம்ப நன்றி. அப்படி ஒரு புத்தகம் இல்லைன்னு உங்களுக்கும் தெரியும். அந்த மருமக என் மனைவி. பெரியவர் எங்க அப்பா. நீங்க சும்மா கற்பனையா எழுதியிருப்பீங்க, ஆனா குளியலறை விஷயம் நிஜமாவே நடந்துச்சு. குழாய்ச் சத்தத்தையும் மீறி அவ அழுதது கேட்டுச்சு. நான் டிவி சத்தத்தைக் கூட்டி வச்சேன். அவ களைச்சுப் போயிட்டான்னு எனக்கு ரொம்ப நாளாவே தெரியும். தெரியும்னு ஒத்துக்கிட்டா அப்புறம் நான் ஏதாவது செய்யணும் இல்லையா? அதனாலதான் அவளுக்குக் களைப்பே வராதுன்னு எழுதிக்கிட்டே இருந்தேன். எழுத எழுத எனக்கே அது நிஜம்னு தோண ஆரம்பிச்சுடுச்சு. இதை யார்கிட்டயாவது சொல்லணும்னு தோணுச்சு. உங்ககிட்ட சொல்றது சுலபமா இருக்கு.”

சட்டியில் மெழுகு ஆடை கட்டிவிட்டது. நான் மறுபடி அடுப்பை ஏற்றவில்லை.

என் களைப்பு தெரியாதவர் என்று நினைத்துத்தான் நான் இத்தனை நாள் இவரை மன்னித்துக்கொண்டிருந்தேன். ஆண்பிள்ளை, கண்ணில் படாது, எடுத்துச் சொன்னால் புரியும், எனக்குத்தான் சொல்லத் தெரியவில்லை என்று என்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டேன். தெரியாத ஆளுக்குச் சொல்லிப் புரியவைக்கலாம். தெரிந்துகொண்டே டிவி சத்தத்தைக் கூட்டுகிற ஆளிடம் என்ன சொல்வது? எனக்குக் கத்தக்கூடத் தோன்றவில்லை. உடம்பு முழுக்க ஓர் அசதி இறங்கியது. இது இதுவரை நான் அறியாத அசதி, தூங்கி எழுந்தால் போகிற வகையில்லை.

முதலாளியம்மாவிடம் போய், “நான் வீட்டுக்குக் கிளம்பறேன்மா” என்றேன்.

“என்ன, மாமனாருக்கு ஏதாவதா?”

“அவர் நல்லாத்தான் இருக்கார். எனக்குத்தான் முடியல.”

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “போ, போய்ப் படு” என்றார். எனக்கு முடியவில்லை என்று நான் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் தடவை. சொன்னதும் வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

வீட்டில் கீழ்வீட்டு அக்கா மாமாவுக்குத் துணையாக இருந்தார். நாங்கள் இருவரும் வேலைக்குப் போகும் நேரத்தில் அவர்தான் அவ்வப்போது வந்து எட்டிப் பார்ப்பார். அவரை அனுப்பிவிட்டு உள்ளே போனேன். டிவியில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். மாமா அவர்களைப் பார்த்து இடது கையை ஆட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் புருவத்தை உயர்த்தினார்.

“என்னம்மா... சீக்கிரம்?”

டிவியை அணைத்தேன். படுக்கைப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“மாமா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பொண்ணு வீட்டுல கொஞ்ச நாள் போய் இருக்கீங்களா?”

அவர் முகம் சுருங்கும், கண் கலங்கும், நானும் சேர்ந்து கலங்கிவிட்டு, சரி விடுங்கள் மாமா என்று எழுந்துவிடுவேன் என்றுதான் பயந்தேன். அவர் வெகுநேரம் வாயை அசைத்தார். வார்த்தை வெளியே வருவதற்கு அவருக்கு அவ்வளவு நேரம் பிடிக்கும்.

“நான்... கேட்டேனேம்மா.”

“யார்கிட்ட கேட்டீங்க?”

“அவன்கிட்டதான். எத்தனையோ... தடவை. அங்க ஜன்னல்ல... தெரு தெரியும். ஆளுங்க... போவாங்க வருவாங்க.” கையால் எதிரே இருந்த டிவியைக் காட்டினார். “இதையே... எவ்வளவு நாள்... பாக்கறது?”

“அவர் என்ன சொன்னார்?”

மாமா என்னைப் பார்த்தார். சொல்வதா வேண்டாமா என்று யோசித்தது தெரிந்தது.

“நீ... விடமாட்டேங்கறேன்னு. போறேன்னு சொன்னா... நீ அழுவேன்னு.”

நான் விடமாட்டேனாம். இந்த மனிதர் என்னிடம் தங்கைக்குப் பழக்கமில்லை என்றார். அப்பாவிடம் மருமகள் விடமாட்டாள் என்றார். நானும் மாமாவும் ஒருவர் மனம் நோகக் கூடாது என்று ஒருவர் வாயைக் கட்டிக்கொண்டு, ஒரே அறையில், இத்தனை காலம் ஓட்டியிருக்கிறோம்.

“உன் கை... தூக்கும்போது நடுங்குது” என்றார் மாமா. “எனக்குத் தெரியாதா? நீ ஆசைப்பட்டு... வச்சிருக்கேன்னு... பேசாம இருந்தேன்.”

அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். குழாயைத் திறக்காமல், கதவைச் சாத்தாமல், சத்தம் போட்டு அழுதேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

பிறகு நாத்தனாருக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும், “அண்ணி, நான் அந்த ரூமை எப்பவோ ஒழிச்சு வச்சுட்டேன். நீங்கதான் அனுப்ப மனசில்லாம இருக்கீங்கன்னு அண்ணன் சொன்னார். நீங்க தப்பா நினைச்சுக்குவீங்களோன்னு நானும் கேக்கல” என்றாள். அவளிடம் கோபித்துக்கொள்ள எனக்கு ஒன்றுமில்லை. சனிக்கிழமை வருவதாகச் சொன்னேன். குதிகால் மருந்து எது, பட்டையை எப்படிக் கட்ட வேண்டும் என்றெல்லாம் கேட்டாள். பாதி சொன்னேன். மீதியை நேரில் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். பேசக்கூட முடியவில்லை.

கடைசியாக வால்வின் செய்தியைத் திறந்தேன். குடை இன்னும் பதில் போடவில்லை. அவர் ஸ்டேஷனில் முள்ளைப் பார்ப்பதை விட்டுவிட்டு போனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். முகம் தெரியாத ஒருத்தி, ‘பரவாயில்லை வால்வு, உங்க நிலைமை புரியுது’ என்று எழுதுவாள் என்று காத்திருப்பார்.

எழுதினேன்.

“மாமாவே போறேன்னு சொல்லிட்டார். உங்க தங்கச்சிகிட்டயும் பேசிட்டேன். சனிக்கிழமை கிளம்பணும். லீவு சொல்லிடுங்க, தூக்கறதுக்கு ஆள் வேணும். நான் தூக்க மாட்டேன்.”

அனுப்பினேன். பார்த்துவிட்டதாகக் காட்டியது. ஏதோ எழுதுவதாகக் காட்டியது, நின்றது, மறுபடி எழுதுவதாகக் காட்டியது, நின்றது. குழுவில் பக்கம் பக்கமாக எழுதுகிற மனிதருக்கு ஒரு வரி வரவில்லை.

பிறகு போன் அடித்தது. வால்வு இல்லை, என் வீட்டுக்காரர். என் எண்ணுக்கு, என் பெயருக்கு. நான் அதை மாமாவின் இடது காதில் வைத்தேன்.

“உங்க பையன் மாமா.”

அந்தப் பக்கம் அவசரமாக என்னென்னவோ பேசியது கேட்டது. என்ன என்று எனக்குப் புரியவில்லை, கேட்க முயற்சியும் செய்யவில்லை. மாமா பொறுமையாக முடியும்வரை கேட்டார்.

“ஆமா... நான்தான் போறேன்” என்றார். அந்தப் பக்கம் மறுபடி ஏதோ கேட்டது. மாமா தலையைத் திருப்பி, நாற்காலியில் சாய்ந்து கால் நீட்டியிருந்த என்னை நிதானமாகப் பார்த்தார்.

“இங்கதான்... இருக்கா” என்றார். “உக்காந்திருக்கா. இப்ப... எழுந்து வரமாட்டா.”